ஞாயிற்றுக்கிழமை அட்டவணை

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்த பெயர் நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதோடு சரி. வண்டி கழுவுகிறவரிலிருந்து மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் 'நிமிஷம் சார்'தான். இருபத்தெட்டு வருஷமாக பஸ்களுக்கு அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று, கட்டம் போட்ட பெரிய தாளில் வண்டிக்கு ஒரு நிறமாகக் கோடு இழுப்பார். வார நாளுக்கு ஒரு தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதில் ஏற்றுவார்.

வீட்டிலும் அப்படித்தான். "இதோ வரேன்" என்று நான் சொன்னால், "எத்தனை நிமிஷம்?" என்பார். கல்யாணமான புதிதில் ஏதோ கொஞ்சலாகக் கேட்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டேன். கடைசியில் பார்த்தால் மனுஷன் நிஜமாகவே கணக்குக்குத்தான் கேட்டிருக்கிறார்.

அவர் கல்லுளிமங்கன். நான் அவருக்கு நேர் எதிர். நான் வேலை பார்ப்பது ஓர் ஆல்டரேஷன் கடையில். வாங்கிய துணியைக் குறைக்க, பிடிக்க, பிரித்துவிட வருகிறவர்களுக்குத் தைத்துக் கொடுப்போம். ஒருநாள் ஒருத்தர் பேன்ட்டோடு வந்து, "துணி சுருங்கிடுச்சும்மா, இல்ல?" என்று கேட்டார். "துணி சுருங்கல சார், நீங்கதான் பெருத்துட்டீங்க" என்றேன். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். நானாகப் போய் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் நேருக்கு நேர் கேட்டுவிட்டால் என் வாய்க்குப் பொய் வராது. நுணலும் தன் வாயால் கெடும் என்று என் தம்பி என்னைக் கேலி செய்வான். நுணல் என்றால் தவளை. கூடப்பிறந்தவளைத் தவளை என்கிறான் பாருங்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் உளவாளி விளையாட்டு உருவாக்கினால் எப்படி இருக்கும்?

அது ஒரு புகார்க் கடிதத்தில் ஆரம்பித்தது. பதினான்காம் எண் வண்டி இரண்டு நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது என்று யாரோ ஒருத்தர் வாரா வாரம் டிப்போவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பெயர் கிடையாது, அழகான கையெழுத்து மட்டும். மற்றவர்களாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர் மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அந்த ரெண்டு நிமிஷத்துல இந்த ஆளுக்கு என்னதான் வேலை?" என்று மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் அதே பேச்சு. நாலாம் நாள் ஒரு நோட்டு வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் 'இரண்டு நிமிஷம் முன்னால்' என்று தலைப்பு எழுதினார்.

நான் முதலில் கதை எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு உளவாளி. 'நீங்கள் தூதரகத்தின் பின்வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கு அணைகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு உறை. அதற்குள் அவரவர் ரகசியம். அதில் ஒருத்தர் துரோகி.

"வயசு அம்பதைத் தாண்டியாச்சு, திருடன் போலீஸ் விளையாட்டா? இந்தக் குப்பையை நான் கையாலகூடத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் கோபம் வேறு எதற்கோ. சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது, இவர் கற்பனை ஊரில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? எனக்கு வீம்பு அதிகம்.

ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். படித்தேன். நான் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், அவர் வர ஆறாகும். முதல் நாள் சும்மா என்னதான் எழுதுகிறார் என்று பார்க்கத்தான் அலமாரியின் கீழ் அறையைத் திறந்தேன். நின்றபடியே பதினோரு பக்கம் படித்தேன். அந்த ஊரும், மழையும், ஒரு கையில் மட்டும் கையுறை போட்ட தூதரும்! வாயைத் திறந்து பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷனுக்குள் இவ்வளவு ஜனம் குடியிருக்கிறதா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் செருப்பைக் கழற்றியதும் நேராக அலமாரிதான். கை கழுவுவதுகூட அப்புறம்தான். நாலு வருஷம், நாலு நோட்டு. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

மூன்றாவது நோட்டில் ஒருத்தி வந்தாள். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவள். இரண்டு எதிரி நாட்டுத் தூதரகத்துக்கும் அவளேதான் போவாள். எல்லா அறையிலும் உட்காருவாள், எல்லாப் பேச்சையும் கேட்பாள், யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். யாராவது அவளிடம் கேட்டால்தானே! அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது. ஆறே பக்கம்தான் வருவாள், ஒரே மூச்சில் மூன்று தடவை படித்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த ஆறு பக்கத்திலும் குறுக்கே கோடு. நாலாவது நோட்டில் அவள் இல்லவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கவும் முடியாது. அன்றைக்கு அவருக்கு டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். மனுஷன் அதையும் குடித்து வைத்தார்.

எழுதியது நன்றாக இருந்ததே தவிர, விளையாட உட்கார்ந்தால் கவிழ்ந்தது. முதல் தடவை டிப்போவின் ஓய்வறையில் வைத்துப் பார்த்தார். ஆறு நாற்பது ரயிலில் சிவப்புப் பெட்டியோடு ஒருவன் இறங்குவான், ஸ்டேஷனில் அவனைப் பிடிக்க வேண்டும், இதுதான் காட்சி. விளையாடிய ஓட்டுநர், "நான் ஸ்டேஷனுக்குப் போகல. முந்தின ஸ்டேஷன்லயே ஏறி, வண்டிக்குள்ளயே ஆளை மடக்குறேன்" என்றாராம்.

"அப்படிப் பண்ண முடியாது."

"ஏன் முடியாது?"

"அட்டவணையில இல்ல."

"சார், ரோட்டுலதான் உங்க அட்டவணைப்படி ஓட்டுறேன். டீ குடிக்கிற நேரத்துலயுமா?" என்று ஓட்டுநர் எழுந்து போய்விட்டார். இதை வீட்டில் வந்து அவரே சொன்னார். கதையையும் பஸ் மாதிரிக் கோடு போட்டு வைத்திருந்தார். இத்தனை மணிக்கு இந்த இடம், அங்கிருந்து பத்து நிமிஷத்தில் அடுத்த இடம். உளவாளிகள் கோட்டை விட்டு இறங்கினால் அவருக்குக் கை ஓடாது.

இரண்டாவது தடவை எங்கள் ஹாலில், என் தம்பியும் அவன் நண்பர்களும். ஒரு மணி நேரத்தில் தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டே, "மாமா, இது விளையாட்டா, டூட்டியா?" என்று கேட்டான். அவன் காதைத் திருகலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை.

அன்று அவர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "விளையாட்டுக் கடை நடத்துற அம்மா ஒருத்தங்க, சனிக்கிழமை வந்து நடத்திக் காட்டச் சொல்லியிருக்காங்க. அதுலயும் கவுந்துதுன்னா எல்லாத்தையும் பரண்ல போட்டுடுறேன்."

இதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் வாயிலிருந்து வந்தால் அது அச்சடித்த அட்டவணை. கல்யாணமான புதிதில் ஒரு கேமரா வைத்திருந்தார். சரியாக வரவில்லை என்று ஒருநாள் பரணில் போட்டார். இருபத்தைந்து வருஷமாக அங்கேயே இருக்கிறது. அந்த ஊர், அந்த மழை, கையுறை போட்ட தூதர், எல்லாரும் கேமராவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிடுவார்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து நான் யாரைப் பார்ப்பேன்?

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள் போல ஆரம்பித்தேன்.

"என்னங்க, ஒரு பஸ் பாதி வழியில நின்னுடுச்சுன்னா டிப்போல என்ன பண்ணுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உபரி வண்டி விடுவோம்."

"அது எங்கேருந்து வரும்?"

"தினமும் ரெண்டு வண்டி சும்மாவே நிக்கும். அதுக்குன்னு ரூட்டு கிடையாது. எங்க தேவையோ அங்க ஓடும்."

"அப்போ அட்டவணை?"

"அட்டவணை நாம போடுறது. ரோட்டுக்கு அது தெரியுமா?" என்று சொன்னவர், சாதத்தைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு நோட்டை எடுத்தார். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டு சிரித்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு அலமாரியைத் திறந்தால், புதுப் பக்கத்தில் 'உபரிக் காட்சிகள்' என்று எழுதியிருந்தது. இடம் இல்லாத, நேரம் இல்லாத காட்சிகள். ஒரு தொலைபேசி அழைப்பு, முகவரி மாறி வந்த ஒரு பொட்டலம், தவறான ஆளுக்கு வணக்கம் சொல்லும் ஒரு காவலாளி. கதை எங்கே நின்றாலும் அங்கே ஓட்டிவிடலாம்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. அவருக்குத் துணையாகக் கடை வரைக்கும் போனேன். விளையாட்டுக் கடையின் பின்னறை. சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக விளையாட்டுகள், நடுவில் வட்ட மேஜை. கடைக்காரம்மா, மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒருத்தர், கணக்கு டீச்சர் ஒருத்தி, என் தம்பி, நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஐந்தாவதாக டிப்போவில் வண்டி அனுப்புகிற நண்பர் வர வேண்டும். அவரிடமிருந்து போன் வந்தது. பாலத்தின் மேல் ஒரு பஸ் நின்றுவிட்டதாம். உபரி வண்டி அனுப்ப வேண்டும், வர முடியாதாம்.

"அதுக்கென்ன, அக்காதான் சும்மா இருக்காளே, உக்காரட்டும்" என்றான் தம்பி.

நான் மறுத்தேன். எல்லாரும் விடவில்லை. உட்கார்ந்தேன். அவர் உறைகளைக் கலைத்து ஆளுக்கொன்று நீட்டினார். எனக்கு வந்ததைப் பிரித்தேன். 'எதிரி நாட்டுக்கு வேலை செய்பவர் நீங்கள்தான்' என்று அவர் கையெழுத்தில் ஒரே வரி. கேட்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதவில்லை. எந்த ஊர் உளவாளி கேட்டதும் ஒத்துக்கொள்வான்? அதனால் எழுதாமல் விட்டிருக்கிறார். உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

கதை ஆரம்பித்தது. மழை, ஸ்டேஷன், ஆறு நாற்பது. நாலாவது நிமிஷம். கடைக்காரம்மா விளையாட்டாக என் பக்கம் திரும்பி, "துரோகி நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றது என் வாய்.

தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மணி நேரத்துக்கு என்று போட்ட கதை நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பாவி, உன் வாயில் மண்ணைப் போட, நீயே உன் கையால் பரணுக்கு ஏற்றிவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மருந்துக்கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா, இவங்க இல்ல. யாரையோ காப்பாத்துறாங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் கணக்கு டீச்சர்.

என் வீட்டுக்காரர் முன்னால் விரித்து வைத்திருந்த அட்டவணைத் தாளைப் பார்த்தார். அதை நாலாக மடித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் ஓர் அட்டவணையை மடித்து நான் பார்த்ததில்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர் அறையில போன் அடிக்குது" என்றார். குரலே மாறியிருந்தது. "தலைமையகத்துலேருந்து பேசுறாங்க. துரோகி பிடிபட்டாச்சாம். அங்கயும் ஒருத்தர் ஒத்துக்கிட்டாராம். எப்போ தெரியுமா? இதே நிமிஷம்."

அவ்வளவுதான். அடுத்து மூன்று மணி நேரம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரே நிமிஷத்தில் இரண்டு ஊரில் இரண்டு பேர் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று தேடி, ஸ்டேஷனை விட்டார்கள், ஆற்றங்கரைக்குப் போனார்கள், பேக்கரியில் ஒளிந்தார்கள். எங்கே போனாலும் அவர் கூடவே போனார். என்னிடம் எதைக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை! "அக்கா என்னமா நடிக்கிறா!" என்று தம்பி வியந்து போனான். என் ஆயுசிலேயே உண்மையைச் சொல்லி இவ்வளவு மரியாதை வாங்கியது அன்றைக்குத்தான். கடைசியில் நான்தான் துரோகி என்று தெரிந்தபோது கணக்கு டீச்சர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"இதை ஒழுங்கா எழுதிக் குடுங்க சார், நானே அச்சடிச்சுப் பெட்டியில போடுறேன்" என்றார் கடைக்காரம்மா. "அதுவரைக்கும் சனிக்கிழமைதோறும் வந்து நடத்துங்க." என் வீட்டுக்காரர் அசடு வழிய நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "எந்தத் தெருவுல என்ன இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துதே. இதெல்லாம் ஏற்கனவே படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நேருக்கு நேர் கேட்டுவிட்டார். நான் என்ன செய்வேன்?

"ஆமா. நாலு நோட்டும்" என்றேன்.

பகடைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிரவே இல்லை. வீடு வரும் வரை எனக்கு முன்னாலேயே நடந்தார். திருடிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அலமாரியைத் திறந்து மூன்றாவது நோட்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். பக்கங்களின் கீழ் மூலையில் எல்லாம் மங்கலாக நீலக் கறை. எங்கள் ஆல்டரேஷன் கடையில் துணியில் குறி போடுகிற நீலச் சாக்பீஸ். என் கட்டைவிரல்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் வாரத்துலேயே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிடுவே. அப்புறம் வீம்புக்குப் படிக்கிறதை நிறுத்திடுவே." நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தாறு வருஷத்துல நீ பஸ்ஸைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல. அன்னிக்கு உபரி வண்டியைக் கேட்டியே, அது யாருக்காகன்னு எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கத்துல நீலம் நிறைய இருக்கோ அதையெல்லாம் வெச்சுக்கிட்டேன். நீலமே இல்லாததை அடிச்சுட்டேன். இல்லன்னா எது நல்லா இருக்கு, எது இல்லன்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஊமைக் குசும்பு! நாலு வருஷமாக நான் அவரை வேவு பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னை வேவு பார்த்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் இருந்த நோட்டைப் புரட்டினேன். குறுக்கே கோடு போட்ட அந்த ஆறு பக்கம் வந்தது.

"அப்போ இந்தப் பியானோக்காரியை ஏன் எடுத்தீங்க?"

"இவ வர்ற பக்கத்துல எதுலயும் ஒரு பொட்டு நீலம்கூட இல்ல. உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன்."

"பிடிக்கலயா! மூணு தடவை படிச்சேன்யா மனுஷா! அன்னிக்கு உங்களுக்கு டூட்டி, எனக்குக் கடை லீவு. ஞாயித்துக்கிழமை! கையில சாக்பீஸ் எங்கேருந்து வரும்?"

அவர் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"ஊர்ல ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமைக்குத் தனி அட்டவணை போடத் தெரியுது. பொண்டாட்டிக்கு ஒண்ணு போடத் தெரியலையா?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நிமிஷம் சாருக்கு ஒரு முழு நாளே சறுக்கிவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. சிரித்து முடித்ததும் புது நோட்டை எடுத்து, அந்தப் பெண்ணை முதல் வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். எடுத்துக் கட்டைவிரலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடித்துப் போட்ட அந்த ஆறு பக்கத்திலும் ஒவ்வொன்றாக அழுத்தி வைத்தேன்.

"போதும், போதும், தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

நான் நிறுத்தவில்லை.